சாபமா? வரியா?

ராஜஸ்தானத்து ஜெய்சல்மேருக்குச் சுமார் 18 கிலோமீட்டரில் குல்தாரா என்று ஒரு பாழூர் இருக்கின்றது. கூரையில்லாத கல்வீடுகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. வேடிக்கை பார்க்க வருகின்றவர்களிடம் அங்கே சொல்லப்படும் கதையாவது: சாலிம்சிங் என்னும் திவான் ஊர்த் தலைவன் மகள்மீது ஆசை வைத்தானாம், அதனால் பாலிவால் பிராமணர்கள் 84 கிராமங்களையும் ஒரே இராத்திரியில் காலி செய்து, இனி இங்கு எவனும் குடியிருக்கக் கூடாதென்று சபித்துவிட்டுப் போனார்களாம்.

தோழர்களே! நாம் கேட்பது ஒன்றுதான். அவ்வளவு சக்தியுள்ள சாபம் கையிலிருந்தால், அதைத் திவான் தலையில் போட்டுவிட்டுச் சுகமாய் ஊரிலேயே இருந்திருக்கலாமே! குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, தான் கட்டிய சுவரையா ஒருவன் சபிப்பான்?

உண்மையில் அந்தப் பாலிவால்கள் சாபத்தால் பிழைத்தவர்களல்ல, புத்தியால் பிழைத்தவர்கள். (பிராமணர்கள் என்பதற்காக இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.) மழையே அபூர்வமான அந்தப் பாலையில், பாறைச் சரிவிலிருந்து ஓடிவரும் தண்ணீரைப் பள்ளத்தில் கரை போட்டு மறித்து, அது மண்ணில் ஊறிய பின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விளைவித்தார்கள். இம்முறைக்குக் 'கடீன்' என்று பேர். வியாபாரத்திலும் பணம் சேர்த்தார்கள். பணம் சேர்ந்த இடத்தில்தானே திவானுடைய கண் விழும்? அவனுடைய வரிக்கொள்ளை பொறுக்காமல் இவர்கள் நாட்டை விட்டு வெளியேறியதைப் பற்றி, அக்காலத்து வெள்ளைக்கார அதிகாரியான கர்னல் டாட் என்பவரே தமது சரித்திர புஸ்தகத்தில் எழுதியிருக்கின்றார். கிணறுகளும் வற்றிப்போயின. ஊர் ஒரே இராத்திரியில் அல்ல, கொஞ்சங் கொஞ்சமாகத்தான் தேய்ந்தது என்று சரித்திர ஆராய்ச்சிக்காரர் சொல்லுகின்றனர். இடிபாடுகளைப் பரிசோதித்த நிலநூலார் சிலர், பூகம்பமும் காரணமாயிருக்கலாமென்று 2017-இல் எழுதினார்கள்.

நிற்க, இந்தச் சாபக் கதையால் யாருக்கு லாபம்? ஆற்றிலும் கிணற்றிலும் தண்ணீர் ஏன் வற்றிற்று, உழைத்தவனிடம் சர்க்கார் எவ்வளவு பிடுங்கிற்று என்று விசாரிக்க வேண்டிய இடத்தில், படித்த வாலிபர்கள் கையில் விளக்கை வைத்துக்கொண்டு பேய் தேடி அலைகின்றார்கள். வரி வாங்கினவன் வெறும் பெண்பித்தனாகிவிட்டான். வரி கொடுத்தவன் பிசாசாகிவிட்டான்!

அந்தச் சாலிம்சிங்கின் மாளிகையோ ஜெய்சல்மேர் பட்டணத்திற்குள் அவன் பேராலேயே இன்றும் நிற்கின்றது. போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுத்தான் வருகின்றார்கள். அதன்மேல் ஏதாவது சாபம் விழுந்ததாக நாம் கேள்விப்படவில்லை.