மேலே மோனோரயில்... கீழே?



"கேம் விளையாடுறவன் உருப்படவே மாட்டான்." நம் விடுதியில் தினமும் காதில் விழும் வாசகம் இது. நான் இதை முழுசாக மறுக்கவில்லை. ஆனால் அமைப்பியல் படிக்கிற நமக்கு ஒரே ஒரு கேமை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன். அதுதான் 'சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்'. பின்லாந்து நாட்டின் கொலாசல் ஆர்டர் நிறுவனம் உருவாக்கி, 2015 மார்ச்சில் வெளிவந்தது. சாலை போட்டு, தண்ணீரும் கரண்ட்டும் கொடுத்து, வீட்டுக்கும் கடைக்கும் தொழிற்சாலைக்கும் இடம் ஒதுக்கினால் ஒரு நகரம் கண்ணெதிரே வளரும். இரண்டாம் பாகம் 2023-இல் வந்துவிட்டது. அதைத் தாங்குகிற மெஷின் நம்மிடம் ஏது? ஒரு லேப்டாப்பை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிற நமக்கு முதல் பாகமே போதும்.

இந்தக் கேமுக்கு 2017 மே மாதம் 'மாஸ் டிரான்சிட்' என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. படகு, கேபிள் கார், ஆகாயக் கப்பல் எல்லாவற்றோடும் மோனோரயிலும் வந்தது. பையன்களுக்கு மற்றதெல்லாம் மறந்துபோச்சு, மோனோரயில்தான் மோகம்! கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஊரைச் சுற்றி ஒரு வளையம் போட்டுவிட்டு, "பார்றா, சிங்கப்பூர் மாதிரி இருக்கு" என்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மேலே வண்டி காலியாக ஓடுகிறது, கீழே சாலை முழுக்கச் சிவப்பாக டிராஃபிக் ஜாம். ஏன் இப்படி?

மோனோரயில் மேலே ஓடினாலும் அதன் வெற்றி தோல்வி கீழே தரையில்தான் முடிவாகிறது. இதுதான் என் கருத்து. எப்படி என்று சொல்கிறேன்.

எங்கே போடுவது?

சாதாரண ரயில் பாதைக்குத் தரையில் இடம் வேண்டும், அதற்காக வீடுகளை இடிக்க வேண்டும். மோனோரயிலுக்கு அந்தத் தொல்லை குறைவு. நடுவில் திட்டு உள்ள அகலமான சாலையின் மேலேயே தூண் நட்டுக் கொண்டுபோய்விடலாம். அடியில் சாலையோடு சேர்ந்த ஸ்டேஷனும் கேமிலேயே இருக்கிறது. அப்படியானால் அதற்கு ஏற்ற இடம் எது? ஏற்கெனவே கட்டி நெருங்கிப்போன, இனி அகலப்படுத்தவே முடியாத சாலை. ஒரு முனையில் வீடுகள், மறுமுனையில் வேலை. ஆனால் நம் ஆட்கள் போடுவது காலி நிலத்தில்! அங்கே கோடு இழுப்பது சுலபம்தான். ஏறுவதற்கு ஆள் வேண்டாமா?

கேமில் ஒரு சாலையைத் தொட்டால் அதில் போகிறவர்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று கோடு கோடாகக் காட்டும். முதலில் அதைப் பாருங்கள். நம் வகுப்பில் சொல்லித் தருவதும் அதுதானே? முதலில் சர்வே, பிறகுதான் அலைன்மென்ட்.

எப்படி ஓட்டுவது?

ஊரெல்லாம் வளைந்து வளைந்து போகிற ஒரே நீளப் பாதை வேண்டாம். குறுக்குவழியில் பத்து நிமிடத்தில் போகிற இடத்துக்கு அரை மணி நேரம் சுற்றிக்கொண்டு போக யாரும் ஏறமாட்டார்கள். கூடுமானவரை நேரான, குட்டையான பாதைகள் இரண்டு மூன்று போதும். இரண்டு பாதைகளை ஒரே தண்டவாளத்திலும் ஒரே பிளாட்பாரத்திலும் விடாதீர்கள். ஒரு வண்டி ஆள் ஏற்றி முடிக்கும்வரை பின்னால் வருகிற வண்டிகள் வரிசையில் நிற்கும், பிறகு மூன்று வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும். பாதைகள் தனித்தனியாக ஓடட்டும். சந்திக்கிற இடத்தில் இறங்கி மாறிக்கொள்ள வசதி இருந்தால் போதும். மோனோரயில், மெட்ரோ, ரயில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேர்கிற ஸ்டேஷன் கேமில் இருப்பது இதற்காகத்தான்.

யார் கொண்டுவந்து விடுவது?

பலரும் கோட்டை விடுகிற இடம் இது. யானை வாங்கியவன் அங்குசம் வாங்க யோசித்த கதை! கோடிக்கணக்கில் மோனோரயில் போட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு வர ஒரு பஸ் விடமாட்டார்கள். விட்டாலும் மோனோரயில் போகிற அதே சாலையில், அதற்கு அடியிலேயே விடுவார்கள். அந்த பஸ் மோனோரயிலுக்குப் போட்டியாகத்தான் முடியும். மீன் முள் மாதிரி யோசியுங்கள். நடுமுள் மோனோரயில் என்றால் பக்க முட்கள் பஸ்கள். கேமில் ஒரு பஸ்ஸில் 30 பேர்தான் ஏறலாம். அந்த முப்பது முப்பதாகச் சேர்வதுதான் ஸ்டேஷன் கூட்டம். நடைபாதையும் முக்கியம். பாதை இருந்தால் கேமில் உள்ள ஜனங்கள் நன்றாகவே நடப்பார்கள். பெரிய சாலையைக் கடக்க ஒரு நடைமேம்பாலம் போட்டுப் பாருங்கள், ஸ்டேஷனில் கூட்டம் கூடுவது தெரியும்.

நிஜத்தில் என்ன நடந்தது?

"இதெல்லாம் கேம்தானே, நிஜத்தில் நிலம் எடுக்கணும், கோர்ட் கேஸ் வரும், பணம் பத்தாது" என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் நான் சொன்ன விதி மட்டும் நிஜத்திலும் மாறவில்லை. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1901 முதல் தொங்கு ரயில் ஓடுகிறது. குறுகிய பள்ளத்தாக்கில் வேறு இடமில்லை. எனவே 13.3 கி.மீ. பாதையில் பெரும்பகுதியை வுப்பர் ஆற்றின் மேலேயே கொண்டுபோனார்கள். சீனாவின் சோங்சிங், மலையும் ஆறும் நிறைந்த நெருக்கமான நகரம். அங்கே 2005-இல் திறந்த மோனோரயில் பாதையில் லிசிபா ஸ்டேஷன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது! ஜனங்கள் இருக்கிற இடத்துக்கே வண்டி போகிறது.

மும்பைக்கு வாருங்கள். 2014 பிப்ரவரியில் வடாலாவுக்கும் செம்பூருக்கும் இடையே முதல் கட்டம் திறந்தது. சுமார் 20 கி.மீ. பாதை முழுவதும் ஓட 2019 மார்ச் வரை ஆயிற்று. லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிற ஊரில், மோனோரயிலில் பல வருடம் போதிய ஆளில்லை. லோக்கல் ரயிலோடும் மக்கள் போகிற இடங்களோடும் அது சரியாக இணையாததுதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து. 2025 செப்டம்பர் 20 முதல் மேம்பாட்டுப் பணிக்காகச் சேவையை நிறுத்தினார்கள். நம் சென்னையிலும் 2011-இல் 111 கி.மீ. மோனோரயில் அறிவித்தார்கள். அது கட்டப்படவே இல்லை. கட்டியிருந்தால் நன்றாக ஓடியிருக்குமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பேன்: ஸ்டேஷனுக்கு யார், எப்படி வந்து சேர்ந்திருப்பார்கள்?

கேம் காட்டாத ஒன்று

கடைசியாக, இந்தக் கேமோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கேமில் பஸ்ஸும் ரயிலும் சரியில்லை என்றால் அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து எடுப்பதுபோல ஒரு காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உடனே சாலை சிவப்பாகும், நமக்கும் தப்பு தெரிந்துவிடும். நிஜத்தில் அப்படியா?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அம்மா டவுனில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, அது பெரிய உதவி. ஆனால் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு 2 கி.மீ., விளக்கில்லாத பாதை. அம்மாவிடம் சட்டைப்பைக் கார் இல்லை. அதனால் நடக்கிறார். அவர் நடப்பதால் எந்தச் சாலையும் சிவப்பாவதில்லை, எந்த ஸ்கிரீனிலும் அது தெரிவதில்லை. பஸ் விட்டாச்சு என்று கணக்கில் எழுதியாகிவிட்டது. அந்த 2 கி.மீ. மட்டும் யார் வரைபடத்திலும் இல்லை.

நண்பர்களே, நாளைக்கு மந்திரியோ சீஃப் இன்ஜினியரோ கையெழுத்துப் போடலாம். ஆனால் வெயிலில் ஸ்டாஃப் பிடித்து, லெவல் எடுத்து, டிராயிங் போடப்போவது டிப்ளமோ படித்த நாம்தான். நம் இறுதியாண்டு புராஜெக்டிலேயே ஆரம்பிக்கலாம். பஸ் ஸ்டாண்டோ ஸ்டேஷனோ மேம்பாலமோ, எது வரைந்தாலும், அதைச் சுற்றி 2 கி.மீ. வரை ஜனங்கள் எப்படி நடந்து வருகிறார்கள் என்று ஒரு ஷீட் கூடுதலாக வரைவோம். நடைபாதை, விளக்கு, சின்ன பஸ் வந்து திரும்ப இடம், இது மூன்றையும் அதில் குறிப்போம். மார்க் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. வேலைக்குப் போன பிறகும் அந்த ஷீட்டை விடாமல் இருப்போமா?

— மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை