முட்டி ஜவ்வும் புத்தூர்க் கட்டும்

கபடியில் முழங்கால் திருகி விழுந்த வாலிபரை மறுநாளே புத்தூருக்கு அழைத்துச் செல்வது நம் குப்பம் பக்கத்து வழக்கம். எலும்பு முறிவுக்குப் பேர்போன அந்தக் கட்டைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் கிழிந்தது எலும்பல்ல, முட்டிக்குள் இருக்கும் முன்புற ஜவ்வு எனில், கட்டு மட்டும் போதாது. எக்ஸ்ரேயிலும் ஜவ்வு தெரியாது. 'முறிவில்லை' என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியடைந்து, வீக்கம் வடிந்ததும் பெங்களூர் ரயிலேறி மூட்டை தூக்கப் போகிறவருக்கு முட்டி அடிக்கடி நழுவுகிறது. நழுவுந்தோறும் உள்ளேயுள்ள குருத்தெலும்பும் சேதமடைகிறது.

கத்திக்கு அஞ்சியே பலர் டாக்டரிடம் போவதில்லை. அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்வீடனில் ஜவ்வு கிழிந்த 121 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு உடனே ஆபரேஷன். மற்றவர்களுக்கு முதலில் முறையான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். இரண்டாண்டுக்குப் பின் இரு சாராரின் முட்டி நிலையிலும் பெரிய வித்தியாசமில்லை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஐந்தாண்டு வரை ஜவ்வு ஆபரேஷன் செய்துகொள்ளவேயில்லை!

ஆபரேஷன் செய்துகொண்டோருக்கும் பொறுமை வேண்டும். 9 மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்பினால் மீண்டும் காயம்படும் ஆபத்து மிகுதி என்று நார்வே ஆய்வு ஒன்று 2016-இல் காட்டியது. 2022 டிசம்பர் 30 கார் விபத்தில் முட்டி சிதைந்த ரிஷப் பந்த், 2024 மார்ச்சில்தான் கிரிக்கெட் ஆட வந்தார். அவருக்குக் காத்திருக்க வசதி இருந்தது. நம் சுமை கூலித் தொழிலாளிக்கு? ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கே நோய்க்காலப் பணம் ஆண்டுக்கு 91 நாள்தான், அதுவும் கூலியில் 70 சதம். கார்டே இல்லாதவர் கதி சொல்ல வேண்டியதில்லை.

திருப்பதியில் தேவஸ்தானத்தின் பேர்டு மருத்துவமனை எலும்பு, மூட்டுச் சிகிச்சைக்கென்றே இருக்கிறது. ஆனால் பல மாதம் தொடர வேண்டிய பயிற்சிக்கு இங்கிருந்து திருப்பதிக்கு யார் போய்வர முடியும்? விடியுமுன் ரயிலேறி இருட்டிய பின் திரும்புவோருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நாள். அன்று குப்பம் அரசு மருத்துவமனையில் ஒரு பிஸியோதெரபி நிபுணர் அரைநாள் இருக்கச் செய்வது சுகாதார இலாகாவுக்குப் பெரும் செலவல்ல.

போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை. நார்வேயில் கால்பந்தாடும் சிறுமிகளுக்கு ஆட்டத்துக்கு முன் 20 நிமிடப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் கடுங்காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2008-இல் அறிவித்தார்கள். வரும் பொங்கல் கபடியில், மாலை மரியாதைக்குச் செலவிடும் நேரத்தில் 20 நிமிடத்தை ஆட்டக்காரர்களுக்குக் கொடுங்கள்.