பார்வையற்றோர்க்கு ஒலித்தொழில் எதற்கு என்பார்க்கு

மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் பெருந்தெருவில், கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி விளையும் வயல்களின் நடுவே அமைந்தது உயிலங்குளம். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் இரு தரப்பாரின் ஆட்சிப் பரப்புகளுக்கும் இடைப்பட்ட கடவையாக நின்று, மூட்டையை அவிழ்த்துக் காட்டி அடையாள அட்டையை நீட்டிக் கடந்த சனங்களின் நினைவில் இன்றும் நிலைத்திருக்கும் அவ்வூரில், காலபோக அறுவடை முடிந்த ஒரு மாலைப்பொழுதில், போர்க்காலத்தில் இரு கண்களையும் இழந்த ஒருவருடைய சிறிய தந்தையாரோடு உரையாடிக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவையும் ஒலித்தொகுப்பையும் அவருக்குப் பயிற்றுவிக்கலாமே என்று நான் சொன்னபோது, “கண் தெரியாத பெடியனுக்கு ரெக்கோடிங் பழக்கி என்ன செய்யிறது, அண்ணை? அதெல்லாம் கொம்பியூட்டரைப் பார்த்துச் செய்யிற வேலை. அவனுக்குக் காது நல்ல கூர்மை, பாட்டுப் பாடினால் காணும்” என்றார். அன்பில்லாத வார்த்தையன்று அது. ஆனால் அன்புடையாரும் கல்வியதிகாரிகளும் தருமசிந்தையுள்ள தனவந்தரும் ஒரே குரலில் சொல்லிவரும் அபிப்பிராயமாகையால், அதன் ஒவ்வோர் அங்கத்தையும் எடுத்து ஆராய்வது அவசியமென்று கருதுகிறேன்.

திரையைப் பார்த்துச் செய்யும் வேலை என்பது முதலாவது ஆட்சேபம். ஒலியைக் கணினி அலைக்கோடுகளாக வரைந்து காட்டுகிறது என்பதும், பார்வையுள்ள தொகுப்பாளர் அக்கோடுகளைக் கண்டு வெட்டுகிறார் என்பதும் மெய்யே. எனினும் அக்கோடு ஒலியின் நிழலேயன்றி ஒலியன்று. பேசுவோர் ஒரு சொல்லை முடித்து மறுசொல்லுக்கு மூச்செடுக்கும் இடம் எதுவென்பதைக் கடைசியில் தீர்மானிப்பது காதுதான். திரையிலுள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் மென்பொருளை அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் தொடங்கினார். அவரோடு சேர்ந்து அதை வளர்த்தவர் ஜேம்ஸ் டே. இருவரும் பார்வையற்றவர்கள். அந்த ஜேம்ஸ் டேதான், ரீப்பர் என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளை விசைப்பலகையாலேயே முழுவதும் இயக்கவும், எந்தத் தடத்தில் நிற்கிறோம், ஒலியின் உச்சமட்டம் எவ்வளவு என்பவற்றைச் செவியால் அறியவும் உதவும் ஒசாரா என்னும் இணைப்பைப் படைத்தளித்தார். ஆகவே, முடியாது என்று சொல்லப்படும் காரியத்துக்குரிய கருவியைச் செய்துவைத்தவரே அதனைச் செய்யமுடியாதென்று சொல்லப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்.

இவ்வளவு சொன்னதனால் வேலை எளிதென்று நான் சொல்வதாக எவரும் எண்ணலாகாது. படித்துச் சொல்லும் இயந்திரக் குரலும், தொகுக்கவேண்டிய மனிதக் குரலும் ஒரே வேளையில் செவியை வந்து மோதும். ஒன்றை ஒரு காதிலும் மற்றதை மறு காதிலும் வாங்கி, எதை எப்போது புறக்கணிப்பதென்று மனத்தைப் பழக்குவதற்கு மாதக்கணக்கான அப்பியாசம் வேண்டும். ஒலியை மெருகூட்டும் துணைக்கருவிகள் பலவற்றின் முகப்பு வெறும் சித்திரமாகவே வரையப்பட்டிருப்பதால், படித்துச் சொல்லும் மென்பொருள் அவற்றின்முன் ஊமையாகிவிடுகிறது. கைக்குத் தட்டுப்படும் குமிழும் நெம்புமாக இருந்த பழைய கலவைப்பலகையில் இந்தத் தடை இருந்ததில்லை. இத்தடை கருவியைச் செய்தவர்களின் கவனக்குறைவேயன்றிப் பயில்பவரின் குறையாகாது.

இனி, காது இயற்கையிலேயே கூர்மை என்னும் வாதத்துக்கு வருவோம். புகழுரை போலத் தோன்றும் இவ்வாதமே எல்லாவற்றிலும் அதிக தீங்கு செய்வதென்பது என் துணிபு. கனடாவின் மொன்றியல் நகர ஆராய்ச்சியாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பகுத்தறிவதில், இளம்பருவத்திலேயே பார்வையிழந்தோர் மற்றவரினும் சிறந்து விளங்கினர். வயதுவந்தபின் இழந்தோரோ பார்வையுள்ளவரை விஞ்சவில்லை. அப்படியானால் இருபது வயதுக்குமேல் வெடியில் கண்ணிழந்த நம் வாலிபருக்கு, இழந்ததற்கு ஈடாக எவ்விதக் கூர்மையும் தானாக வந்து சேர்ந்துவிடவில்லை. மற்ற மாணாக்கனைப் போலவே அவரும், தகரக் கூரைக்குக்கீழ் குரல் ஏன் அதிர்கிறது, சீமெந்துச் சுவர் எவ்வளவு எதிரொலிக்கிறது, ஒலிவாங்கியை வாய்க்கு அருகே கொண்டுவரும்போது குரலில் கனம் ஏன் ஏறுகிறது என்பவற்றைக் கேட்டுக் கேட்டே கற்கவேண்டும். இயற்கை கொடுத்துவிட்டது என்று சொல்லிக் கற்பிக்காமல் விடுவது, பசித்தவனைப் பார்த்து உனக்குப் பசி பழகிவிட்டது என்பதற்கு ஒப்பாகும்.

பாடினால் போதும் என்பதும் இதன் கிளையே. 2004இல் வெளிவந்த ஆட்டோகிராஃப் திரைப்படத்தில், பார்வையற்ற கலைஞர் கோமகன் தம் குழுவினரோடு தோன்றிய பாடற்காட்சியைக் கண்டு நாமெல்லாம் உருகினோம். கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்து அப்பாட்டைப் பதிந்து சீர்செய்யும் ஆசனத்திலும் அத்தகையோர் இருக்கலாமே என்று நம்மில் எத்தனைபேர் நினைத்தோம்? விழித்திரை நோயால் பார்வை குன்றிக்கொண்டே வந்த ராபின் மில்லர் என்னும் ஆங்கிலேயர், பாடகி ஷாடேயின் புகழ்பெற்ற முதல் இசைத்தொகுப்பைத் தயாரித்தது 1984இல். 1916இல் சொம் போர்க்களத்தில் கண்ணிழந்த இயன் ஃபிரேசர் என்னும் படைவீரர் முன்னின்று உழைத்ததன் பயனாகவே பிரித்தானியாவில் 1935இல் பேசும் நூல்கள் வெளிவந்தன. போரில் கண்ணிழந்தவர் நம்மிடையேயும் இருக்கின்றனர். முன்னின்று உழைக்கும் சந்தர்ப்பத்தைத்தான் நாம் அவர்களுக்குக் கொடுத்தோமில்லை.

செலவு அதிகம் என்பாருக்கு விடை சுருக்கமானது. என்விடிஏக்கு விலையில்லை, ஒசாராவுக்கும் இல்லை, ரீப்பருக்குத் தனியாள் உரிமம் 60 அமெரிக்க டொலர்.

தொழில் கிடையாது என்னும் கடைசி ஆட்சேபத்தை, மன்னாரில் இருந்துகொண்டு சொல்வதுதான் எனக்கு விளங்காத விஷயம். மாதோட்டப் பாங்கிலும் யாழ்ப்பாணப் பாங்கிலும் ஆடப்பட்ட நாட்டுக்கூத்துகளின் மெட்டுகள், அண்ணாவிமாரின் கண்டத்தோடு நின்றுபோகும் நிலையில் இருக்கின்றன. வாசகப்பாக்களும், தவக்காலத்து ஒப்பாரிகளும், கரைவலை இழுப்போரின் அம்பாக்களும் அவ்வாறே. இவற்றைப் பதிந்து, இரைச்சல் நீக்கி, அடிதோறும் பகுத்துவைக்கும் ஊழியம் ஒருவர் இருவரால் முடிவதன்று. அன்றியும், அச்சிட்ட நூல்களைப் பார்வையற்றோர்க்கு ஏற்ற வடிவில் ஆக்குவதற்கு வழிதிறக்கும் மராக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016இல் இணைந்துவிட்டது. பாடநூலொன்றை ஒலிநூலாக்கும்போது, எவ்விடத்தில் அத்தியாயம் பிரிய வேண்டும், எவ்விடத்திற்கு மாணவன் மீண்டும் திரும்பி வருவான் என்பதை, காதினாலேயே படித்துப் பழகியவரைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? இவ்வேலைக்குக் கூலி கொடுக்கக் கல்வித் திணைக்களமும் ஆலயங்களும் கலாசாரச் சபைகளும் முன்வரவேண்டும். தானமாக அன்று, வேலைக்கு உரிய விலையாக.

கற்க விரும்புவோர் கைதடிக்கோ சுன்னாகத்துக்கோ போகட்டும் என்று சொல்வாருமுண்டு. கைதடி நவீல்ட் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் ஆற்றிவரும் தொண்டை நான் வணங்குகிறேன். ஆனால் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அவ்விடங்களுக்கு, பாடசாலைப் பருவம் கடந்து மனைவி மக்களோடு வாழும் ஒருவர் எப்படிப் போய்த் தங்குவார்? ஆசிரியர்தான் இங்கே வரவேண்டும்.

ஆதலால் அச்சிறிய தந்தையாரிடமே, வருகிற தவக்காலத்துக்கு முன்னர் அவர் வீட்டில் ஓர் அறையைத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறேன். இருப்பது ஓர் அறைதான், அதிலும் நெல் மூடைகளை அடுக்கிவைத்திருக்கிறேனே என்றார். மூடைகள் அங்கேயே சுவரோரமாக இருக்கட்டும், எதிரொலியை அவை வாங்கிக்கொள்ளும் என்று சொன்னேன்.