முதல் நாள் பாடம்: காலுறை

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். அதற்கு வெகு முன்பே, 1930களில், பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே பையன்களுக்கு ஆட்டமும் சொல்லிக்கொடுத்தார். அந்த வாத்தியார் குணம் கடைசிவரை போகவில்லை. சீசனின் முதல் நாள், பனைமர உயர இளைஞர்களை உட்காரவைத்து அவர் காட்டியது காலுறை போடும் விதம். விரல்களிலும் குதிகாலிலும் சுருக்கமே இல்லாமல் நீவிவிட வேண்டும். அப்புறம் ஷூ கயிற்றை ஒவ்வொரு துளையாக இழுத்து இறுக்க வேண்டும். சுருக்கம் விழுந்தால் கொப்புளம். கொப்புளம் வந்தால் ஆட்டம் போச்சு. போட்டியின்போது சுருட்டிய தாளைக் கையில் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். (அதை வாயருகே வைத்து நடுவர்களை வைததும் உண்டு, முனிவர் ஒன்றுமில்லை.) கற்றுக்கொடுப்பதெல்லாம் பயிற்சியிலேயே முடிந்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி. நம் பக்கமோ, கோட்டோரம் நின்று பத்து வயதுப் பிள்ளையைத் தொண்டை கிழியத் திட்டுகிற பயிற்சியாளரை, ‘சாருக்கு ஆட்டத்து மேல வெறி’ என்று பெற்றோர் மெச்சுகிறார்கள். எனக்கென்னவோ, வாரம் முழுக்கச் செய்யாத வேலையை அவர் அங்கே கத்தித் தீர்ப்பதாகவே படுகிறது.