பதினைந்தாம் வசனத்தோடு நிறுத்தாதீர்கள்

திருமணப் பிரசங்கத்தில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தைக் கேட்டு வளராத கிறிஸ்தவப் பெண் நம்மில் அபூர்வம். விடியுமுன் எழுந்து வீட்டாருக்குச் சாப்பாடு போடும் குணசாலியின் கதை அது. அவள் இருட்டில் எழுவது 15ஆம் வசனம். பிரசங்கம் பெரும்பாலும் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். 16ஆம் வசனத்தில் அதே பெண் ஒரு வயலைப் பார்த்து, யோசித்து, வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். அடுப்படிக்கும் பத்திரப் பதிவுக்கும் நடுவே ஒரு வசன எண்தான் இருக்கிறது. அதைத் தாண்ட நம்மை விடுவதில்லை.

நான் வேதம் வாசிக்கிறவள். ஆண்கள் ஆண்களுக்காக எழுதிய புத்தகத்தில் உனக்கென்ன வழி கிடைக்கும் என்று தோழிகள் கேட்கிறார்கள். உனக்கான வசனத்தை நாங்களே எடுத்துத் தருகிறோம் என்கிறது பிரசங்க பீடம். புத்தாண்டு ஆராதனையில் ஒரு வாக்குத்தத்த அட்டையும் கையில் தருகிறது. இரு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: புத்தகத்தை நான் முழுசாகத் திறக்க வேண்டியதில்லை!

நான் திறந்தேன். எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர் நிற்கிறார்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மகன் இல்லாமல் இறந்த தகப்பனின் பங்கை எங்களுக்குத் தா என்று மோசேயிடம், சபை முழுவதும் பார்க்க, கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கடவுளே சொல்கிறார். சட்டம் மாறுகிறது.

இந்த வேதத்தைக் கையில் வைத்திருந்த சமூகத்துக்குத்தான் 1916இல் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அந்தச் சட்டம் 1951இலேயே செல்லாமல் போய்விட்டது என்று உச்ச நீதிமன்றம் 1986இல் சொல்ல, மேரி ராய் என்ற ஒரு மகள் வழக்காட வேண்டியிருந்தது.

வேதத்துக்கு வெள்ளையடிக்க நான் வரவில்லை. எண்ணாகமம் 36இல் அதே ஐந்து பெண்களும் சொந்தக் கோத்திரத்துக்குள்தான் மணக்க வேண்டும் என்று கட்டளை வருகிறது. நிலம் கைமாறிவிடுமே என்ற பயம். நியாயாதிபதிகள் 19இல் ஒரு பெண்ணைக் கூட்டத்தின் கையில் தள்ளிவிட்டு ஆண்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அந்த அதிகாரத்தை எந்த வாக்குத்தத்த அட்டையும் தாங்காது. ஆனாலும் வாசிக்கிறேன். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை மறைப்பதுதான் குடும்ப கௌரவம் என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு, மறைக்காமல் எழுதி வைத்த அந்தப் பக்கமே பதில்.

வழிகாட்டுதல் என்றால் எனக்குக் கீழ்ப்படிய ஒரு வரி கிடைப்பதல்ல. கேள்வி கேட்டவர்கள் எனக்கு முன்னே இருந்தார்கள் என்று தெரிந்துகொள்வது.

தோழிகளே, இனி யாராவது உங்களுக்கு ஒரு வசனத்தைக் காட்டினால், அதற்கு முந்தினதையும் பிந்தினதையும் சத்தமாக வாசியுங்கள். பிறகு அப்பாவின் பத்திரம் எங்கே என்று கேளுங்கள்.