நகரமும் நாமும்: அழைக்கும் முன் வழி விடுங்கள்

மும்பைத் தெருவில் சிவப்பு வண்டி மணி முழக்கிக்கொண்டு விரையும்போது, மராட்டிய அன்பர்கள் "ஆகீச்சா பம்ப்" போகிறது என்பார்கள். நம் வீட்டுக் குழந்தைகளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். எரிகிற இடத்தில் தண்ணீர் பீய்ச்சுவதோடு அவ்வண்டியில் வருவோரின் வேலை தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. உண்மை அதனினும் பெரிது. அவர்களுடைய பணியைப் பற்றியும், அப்பணி நம் வாசல்வரை வந்து சேர நாம் செய்ய வேண்டுவதைப் பற்றியும் இத்திங்கள் சில சொல்ல விரும்புகிறோம்.

பைகுலாவைத் தலைமையிடமாகக் கொண்ட மும்பைத் தீயணைப்புப் படை மாநகராட்சியைச் சேர்ந்தது. பழைய கட்டிடம் சரிந்தால் இடிபாட்டுக்குள் அகப்பட்டோரைத் தேடுவது அவர்களே. மின்தூக்கி நடுவில் நின்று மூச்சுத் திணறுவோரை வெளிக்கொணர்வதும், மழைநாளில் வெள்ளம் சூழ்ந்த தெருவிலிருந்து மக்களை மீட்பதும் அவர்களே. செம்பூரை அடுத்த மாஹுல் பக்கத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ள ஊராதலால், நச்சு வாயுவும் இரசாயனமும் கசியும் இடத்துக்கென்றே தனி வண்டியும் தனிப் பயிற்சியும் உண்டு. கிர்காம், தாதர், ஜுஹு முதலிய கடற்கரைகளில் குளிப்போரைக் காக்கும் காவலரும் இப்படையின் மேற்பார்வையில் இருப்பவரே. சங்கராந்திக் காலத்தில் காற்றாடி மாஞ்சாவில் சிக்கித் தொங்கும் பறவையை இறக்குவதற்கும் ஏணியோடு வருகிறார்கள். இன்று பெண்களும் இப்படையில் சேர்ந்து பணிபுரிகின்றனர்.

இவ்வளவும் எளிதில் வந்த பெருமையன்று. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், விக்டோரியா துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்னும் கப்பலில் பிற்பகலில் புகை கண்டது. வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. படையினர் இறங்கி நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கையிலேயே, மாலை 4 மணி கடந்த சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் மறுமுறையும் வெடித்தது. துறைமுகமும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளும் பாழாயின. அன்று மாண்ட நூற்றுக்கணக்கானோருள் தீயணைப்பு வீரர் மட்டும் 66 பேர். அவர்கள் நினைவாகவே நாடெங்கும் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புப் பணி வாரம் அனுசரிக்கப்படுகிறது.

அது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 2015ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் கால்பாதேவியில் பழைய கட்டிடமொன்றில் மூண்ட தீயில், படையின் தலைமை அதிகாரி சுனில் நேசரிகர் உட்பட 4 அதிகாரிகள் உயிர் நீத்தனர். ஏவிவிட்டு விலகி நில்லாமல், தலைவரே முன்னின்ற படை இது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இத்தகையோர் நம்மைக் காக்க வருகையில், நாம் அவர்களுக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம்? நாம் அறிந்த ஒரு சாலில் நடந்ததைச் சொல்லுகிறோம். இரண்டாம் மாடியில் ஒரு சமையலறையில் தீப்பற்றியது. வண்டி விரைவாகவே வந்தது. ஆனால் மாடிப்படியில் இரண்டு சைக்கிள், உடைந்த பீரோ ஒன்று, தண்ணீர் டிரம்கள், காலி எரிவாயு உருளைகள்! குழாயை இழுத்துச் செல்லுமுன் வீரர்கள் அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு இறக்க வேண்டியதாயிற்று. மேலே நடக்கமாட்டாத முதியவள் ஒருத்தி புகையில் இருந்தாள். அண்டை வீட்டு இளைஞர் இருவர் ஈரத்துணியால் முகத்தை மூடித் தவழ்ந்து சென்று அவளைத் தூக்கி வந்ததால் பிழைத்தாள். டிரம் யாருடையது, பீரோ யாருடையது என்ற வாதம் மறுநாள் தொடங்கியது. அவள் மூச்சு நின்றிருந்தால் அவ்வாதத்தால் யாருக்கு என்ன பயன்?

ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் நிமிடக் கணக்கிலேயே பிழைப்பு நடத்துகிறோம். ஒரு வண்டி மூன்று நிமிடம் தாமதித்தால் பின்னால் வருவன அத்தனையும் தடுமாறுவதை நாள்தோறும் காண்கிறோம். தீயின் கணக்கு அதனினும் கடுமையானது. தாராவிச் சந்துகளில் பெரிய வண்டி நுழைய இயலாது. பெருந்தெருவில் நிறுத்திக் குழாயைத்தான் கொண்டு வரவேண்டும். ஆகவே சந்தும் படியும் பொதுவழி என்பதை நாம் மறத்தலாகாது. இந்நாளில் மின்சார ஸ்கூட்டரின் பாட்டரியை இரவு முழுதும் படிக்கட்டின் அடியில் மின்னேற்றும் வழக்கமும் புகுந்துள்ளது. தப்பியோடும் ஒரே வழியில் தீக்கு வித்திடுவது தகுமா?

அடுத்தது மொழி. ஊரிலிருந்து புதிதாய் வந்த மருமகளோ, பேரனைப் பார்க்க வந்த தாயாரோ வீட்டில் தனித்திருக்கையில் தீ மூண்டால், யாரிடம் எப்படிச் சொல்லுவார்? எண் 101. எல்லா அவசரத்துக்கும் பொதுவான எண் 112. இந்தியில் "ஆக் லகீ ஹை" என்றாலும், மராட்டியில் "ஆக் லாக்லீ ஆஹே" என்றாலும் போதும். பிறகு கட்டிடத்தின் பெயர், மாடி, தெரு, அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ ஒன்று. இவற்றைத் தமிழ் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கலாம். உருளையில் எரிவாயு கசிந்தால் 1906 என்னும் எண் உண்டு. அதையும் அத்தாளில் சேர்க்கலாம்.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. அடுப்பை அணைத்து, மூடியால் மூடிவிட வேண்டும். உருளையின் எரிவாயு காற்றினும் கனமானது, தரையோடு படியும். நாற்றம் கண்டால் சன்னலைத் திறந்து, உருளையின் ரெகுலேட்டரை மூடுக. விளக்கின் பொத்தானைத் தொடற்க. புகை மேலே நிற்கும். ஆதலால் குனிந்தோ தவழ்ந்தோ வெளியேறுக. தீயின்போது மின்தூக்கியில் ஏறற்க. சுட்ட புண்ணுக்கு மையும் மாவும் மருந்தல்ல. 20 நிமிடம் குளிர்ந்த குழாய்நீர் ஓடவிடுவதே முதல் சிகிச்சை.

உயர்ந்த கட்டிடங்களில் குடியிருப்போர்க்கும் ஒன்று. குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட கட்டிடங்களில் அபாய காலத்தில் ஒதுங்கி நிற்க இடம் விட்டிருக்க வேண்டும். அவ்விடத்தைச் சாமான் அறையாக்குவது குற்றமே. தீத்தடுப்புச் சாதனங்கள் செம்மையாக உள்ளன என்று உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சான்று பெறுவது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டிடத்தாரின் கடமை. உங்கள் சொஸைட்டிச் செயலாளரிடம் அச்சான்றைக் காட்டும்படி கேளுங்கள். கேட்பது வம்பன்று, உரிமை.

66 பேர் எரிகிற கப்பலைவிட்டு ஓடாது நின்றனர். நாம் செய்ய வேண்டுவதோ படிக்கட்டிலிருந்து ஒரு பீரோவை அகற்றுவது மட்டுமே. அதற்கு அடுத்த ஏப்ரல் வரை காத்திராமல், இவ்வார ஞாயிற்றுக்கிழமையே அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு தொடங்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம்.