வயற்சேற்று நுண்ணுயிர்களும் பாஷாண விஷமும்

சிறுசேரி முதலிய ஏரிப்பாசனக் கிராமங்களில், நடவு முடிந்து சில வாரங்கள் சென்றபின் வயற்சேற்றைக் கிளறினால், அடிச்சேறு கறுத்திருப்பதையும் அழுகிய முட்டை நாற்றம் எழுவதையும் காணலாம். இது நுண்ணுயிர்களின் வேலை. தேங்கிய நீருக்கடியில் பிராணவாயு எட்டாமையால், அவை மண்ணிலுள்ள இரும்புத் துருவையும் கந்தகச் சத்தையும் கொண்டு சுவாசிக்கின்றன. எல்லா நஞ்சையிலும் நிகழ்வதே; மண்ணிலோ பாசன நீரிலோ ஆர்சனிக் என்னும் பாஷாணச் சத்து மிகுந்துள்ள இடத்தில் மாத்திரம் விபரீதமாகிறது.

காற்றோட்டமுள்ள மண்ணில் ஆர்சனிக் இரும்புத் துருவைப் பற்றி அசையாது கிடக்கும். நுண்ணுயிர்கள் துருவைக் கரைக்கவே, அது நீரில் இறங்கி, ஆர்சனைட் என்னும் கொடிய உருவமும் பெறுகிறது. நெற்பயிர் சிலிக்காவை ஏற்கும் வழியாகவே அதனையும் உறிஞ்சிவிடுகிறது. தானியத்தைவிட வைக்கோலில் அது அதிகம் தங்குமாதலால் மாடுகளுக்கும் கேடு.

வங்காளத்தில் குளத்து நீரால் வரும் பேதிக்கு அஞ்சி, 1970-களில் குழாய்க்கிணறுகள் ஏராளமாய் இறக்கப்பட்டன. நீரும் தெளிவாகவே இருந்தது. 1983-இல் கல்கத்தாவின் தோல் வைத்தியர் கே. ஸி. ஸாஹா, தோல் கறுத்து உள்ளங்கை தடித்து வந்த நோயாளிகளைப் பரிசோதித்து, கிணற்று நீரின் ஆர்சனிக்கே காரணமெனக் கண்டார். ஆற்று வண்டலிலிருந்து அதனை விடுவிப்பதில் நுண்ணுயிர்களுக்குள்ள பங்கு 2004-இல் வெளியான ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது.

நிற்க. நுண்ணுயிர்கள் யாவும் பகையல்ல. தென்னாப்பிரிக்காவில், உண்ணி ஒழிய மாடுகளை முக்கியெடுக்கும் ஆர்சனிக் தொட்டிகளில் மருந்தின் வீரியம் குன்றுவதை ஆராய்ந்த கிரீன் என்பவர், ஆர்சனைட்டை விஷம் குறைந்த ஆர்சனேட்டாக மாற்றும் நுண்ணுயிரை 1918-இல் கண்டறிந்தார். அத்தகையவற்றுக்குக் காற்று வேண்டும். காற்றைத் தடுப்பதும் விடுவதும் மடை திறப்பவர் கையிலேயே உள்ளது.

ஆகையால் ஆர்சனிக் கண்ட நிலத்தில் ஓயாது நீர் கட்டுவது நல்ல விவசாயமாகாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகவே பாய்ச்ச வேண்டும். துளையிட்ட குழாயொன்றை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுமடை விடலாம். பூக்கும் பருவத்தில் மாத்திரம் காயவிடலாகாது. களை மிகும் என்னும் ஆட்சேபம் நியாயமானதே. வயல் காய்ந்தால் காட்மியம் என்னும் வேறொரு நச்சுலோகம் பயிரில் ஏறக்கூடும் என்பதும் மெய். எனவே சோதனை முந்த வேண்டும்.

வங்காள வண்டல் வேறு, செங்கற்பட்டு மண் வேறு என்பர். சரியே. ஆனால் ஆர்சனிக்குக்கு நிறமில்லை, சுவையில்லை, காய்ச்சினாலும் போகாது. புதிய ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பை மட்டும் சோதித்து நிறுத்துவது அரைவேலை. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமே எல்லை. ஆய்வுக்கூடத்துக்கு நீர் அனுப்பும் கிராம அதிகாரிகள் ஆர்சனிக்கையும் பார்க்கும்படி எழுதியனுப்புதல் அவசியம்.